சேலைக் கடையும் அந்தரங்கச் சட்டமும்

சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலை வாங்க, காந்திகிராமத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கடை கடையாக ஏறிய காலம் ஒன்று உண்டு. இன்று வாட்ஸாப்பில் படம் பார்த்து, பணமும் விலாசமும் அனுப்பினால் போதும். சேலை வீடு தேடி வந்து விடுகிறது. அதே வேளையில், நூற்றுக்கணக்கான பெண்களின் பெயரும் வீட்டு எண்ணும் தொலைபேசி எண்ணும் கடைக்காரரின் கைபேசியில் சேர்ந்து கொண்டே போகின்றன.

இவ்விவரங்கள் யாருடைய சொத்து? கடைக்காரருடையவை என்றுதான் இதுவரை எண்ணி வந்தோம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்தனர். 2023-ல் பார்லிமெண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. வியாபாரிகளைத் தொடும் முக்கியப் பகுதிகளுக்கு அவ்விதிகள் கொடுத்த அவகாசம் 18 மாதம். அதாவது 2027 மே வரை.

சின்னக் கடைதானே என்று இச்சட்டம் விட்டுவிடுவதில்லை. சில வகையினருக்குச் சர்க்கார் சில ஷரத்துகளிலிருந்து விலக்குத் தரலாம். அதை நம்பி உட்கார்ந்திருப்பது புத்திசாலித்தனமாகாது. காகித நோட்டில் மட்டும் இருக்கும் பற்று வரவு சட்டத்துக்குள் வராது. அதையே கைபேசியில் ஏற்றினால் வந்து விடும்.

சேலை அனுப்புவதற்காக வாடிக்கைக்காரர் தாமே கொடுத்த விலாசத்தை அந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தத் தனிச் சம்மதம் தேவையில்லை. சட்டத்திலேயே ஓர் உதாரணம் உண்டு: மருந்துக் கடையில் பணம் கட்டியவர் ரசீதைக் கைபேசிக்கு அனுப்பச் சொல்கிறார், கடைக்காரர் அனுப்பலாம். ஆனால் அதே எண்ணுக்குத் தீபாவளித் தள்ளுபடி விளம்பரம் அனுப்புவது வேறு காரியம். இன்ன விவரம், இன்ன நோக்கம் என்று சொல்லிச் சம்மதம் கேட்க வேண்டும். சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, வாபஸ் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். மைத்துனர் நகைக்கடை திறக்கிறார் என்று பட்டியலை அப்படியே அவரிடம் தூக்கிக் கொடுக்கும் பாசத்துக்கும் இனி இடமில்லை!

சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்க வசதி செய்ய வேண்டும். தமிழும் அவற்றில் ஒன்று. ஆனால் பெங்களூர் அம்மாள் கன்னடத்தில் கேட்டால் சின்னாளப்பட்டிக்காரர் எங்கே போவார்? பெரிய கம்பெனிகளை மனத்தில் வைத்தே இதை எழுதினார்களோ என்று தோன்றுகிறது.

கைபேசி பஸ்ஸில் தொலைந்து, விவரங்கள் பிறர் கைக்குப் போய்விட்டால்? தாமதமின்றி வாடிக்கைக்காரர்களுக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தெரிவிக்க வேண்டும். வாரியத்துக்கு 72 மணி நேரத்துக்குள் முழு விவரமும் போக வேண்டும். தெரிவிக்காவிட்டால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். தக்க பாதுகாப்புச் செய்யாதிருந்தால் 250 கோடி வரை. இவை உச்சவரம்புகளே, அபராதம் அவரை எப்படிப் பாதிக்கும் என்பதையும் வாரியம் கவனிக்கும். ஆயினும் சிறு கடையை மூடச் சில லட்சமே போதுமே!

முதலில் கைபேசிக்கு ரகசிய எண் போடட்டும். திண்டுக்கல் சீமைக்காரருக்குப் பூட்டைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? சேலை விற்க ஆதார் நகலும் பிறந்த தேதியும் எதற்கு? கேட்காமலே விடலாம். மூன்று தீபாவளியாக வாங்காதவர்களின் எண்களை அழிக்கலாம். வரிக் கணக்குக்கு வேண்டிய பில்கள் மட்டும் உரிய காலம் வரை இருக்கட்டும். முன்பே சம்மதம் தந்தவர்களுக்கும் சட்டம் அமலானபின் அறிவிப்பு அனுப்பியாக வேண்டும். அதை நல்ல தமிழில் நாலு வரியில் இப்போதே எழுதி வைத்துக் கொள்ளலாம்.