மலிவு மனையின் மறுபக்கம்

தாம்பரத்தைத் தாண்டினால் சாலையோரப் பலகைகள் எல்லாம் ஒரே பாட்டுதான்: மனை மலிவு, உடனே வீடு கட்டலாம். மலிவு என்பது உண்மை. குடிநீர்க் குழாய், பாதாள சாக்கடை, மழைநீர் வடிகால், பேருந்து என எதற்கான செலவும் அந்தச் சதுர அடி விலையில் சேரவில்லை, அதனால் மலிவு. குடிபோன பிறகு அந்தச் செலவு தண்ணீர் லாரியாக, கழிவுநீர் லாரியாக, பெட்ரோலாக மாதாமாதம் வந்து நிற்கும். பின்னால் அரசு குழாய் போட்டாலும், தெருவுக்கு இரண்டு வீடு என்று சிதறிய இடத்தில் ஒரு வீட்டுக்கு விழும் செலவு, நெருக்கமான தெருவைவிட மிக அதிகம். அது எல்லோருடைய வரிப்பணம்.

தண்ணீர் விவகாரம் இதைவிடச் சிக்கல். இந்தப் பக்கத்து ஏரிகள் சங்கிலித் தொடர். ஒன்று நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து, கால்வாயில் ஓடி, அடுத்த ஏரிக்கோ ஆற்றுக்கோ போகும். ஏரியை மூடினால் ஊர் கேள்வி கேட்கும். வயல் மனையாகும்போது நடுவே ஓடிய வாய்க்கால் தெருவாக மாறினால் யாரும் கேட்பதில்லை. 2015 சென்னை வெள்ளம் என்றாலே செம்பரம்பாக்கத்தைத்தான் சொல்கிறோம். ஆனால் அந்த ஏரியின் உபரிநீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலை அருகே. அதற்கு மேற்புறம் இருக்கும் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியது ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளிலிருந்து வந்த நீரில்.

ஒவ்வொரு மனைப்பிரிவையும் தனித்தனியாகப் பார்த்து அனுமதி கொடுத்தால் இந்தச் சங்கிலி கண்ணில் படாது. வட்டார அளவில் நிலப் பயன்பாட்டைத் திட்டமிட வேண்டும் என்பது இதனால்தான்: வாய்க்காலையும் வெள்ளம் தங்கும் தாழ்நிலத்தையும் முதலில் குறித்து ஒதுக்கிவிட்டு, ரயில் நிலையங்களைச் சுற்றி அடர்த்தியாகக் கட்ட விடுவது. சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2008-இல் வந்தது. அப்போது 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த பெருநகர எல்லை 2022-இல் 5,904 ஆனது. எல்லையை விரிக்க ஓர் அரசாணை போதும். வாய்க்காலைக் காப்பாற்ற அது போதாது. அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்கு உயர் நீதிமன்றம் 2016-இல் தடை போட்டது. மறு ஆண்டே, கட்டணம் வாங்கி வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்துவிட்டன. விற்றவர் அடுத்த ஊருக்குப் போயாயிற்று, அலைந்தது வாங்கியவர்.

மனை பார்க்கப் போகிறவர்கள் பட்டா, வில்லங்கச் சான்றிதழோடு நிற்காமல் கிராம வரைபடத்தையும் ‘அ’ பதிவேட்டையும் கேட்டுப் பாருங்கள். பக்கத்துப் புல எண்ணில் ‘வாய்க்கால் புறம்போக்கு’ என்று இருந்து, நேரில் அங்கே தார்ச்சாலை தெரிந்தால், மழைக்காலத்தில் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.