சாரி திட்டம் (மேலூர்)

சாரி என்பது மதுரை மாவட்டத்தின் மேலூர் வட்டத்தில் 2001 நவம்பரில் தொடங்கப்பட்ட ஊரக இணையத் திட்டம் ஆகும். "சஸ்டெய்னபிள் ஆக்சஸ் இன் ரூரல் இந்தியா" என்ற ஆங்கிலப் பெயரின் சுருக்கமே சாரி. சிற்றூர்களில் இணைய மையங்களை அமைத்து, அவை நன்கொடையை நம்பாமல் தம் வருவாயிலேயே நிலைத்து இயங்கச் செய்வது இதன் நோக்கமாக இருந்தது. பயன்படுத்துவோரின் மொழியும் தேவையும் அறிந்து தொழில்நுட்பத்தை வடிவமைப்பது பற்றிய ஆய்வுகளில் இத்திட்டம் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

அமைப்பு

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் டெநெட் குழு, அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், ஆர்வர்டு பல்கலைக்கழகம் ஆகியவை இத்திட்டத்தில் பங்கேற்றன. களப்பணியை என்-லாக் நிறுவனம் மேற்கொண்டது. பெரும்பாலான மையங்களைக் கடன் பெற்ற உள்ளூர்த் தொழில்முனைவோர் நடத்தினர். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை சில மையங்களை நடத்தியது.

தொழில்நுட்பம்

தொலைபேசிக் கம்பி எட்டாத ஊர்களுக்குக் கார்டெக்ட் என்னும் கம்பியில்லாத் தொழில்நுட்பம் பயன்பட்டது. இது டெக்ட் எனப்படும் ஐரோப்பியப் பொதுச் சீர்தரத்தின் அடிப்படையில் சென்னையில் உருவாக்கப்பட்டது. கோபுரத்திலிருந்து ஏறத்தாழ 10 கி.மீ. தொலைவு வரை, இடையில் மறைப்பு இல்லாவிடில், தொடர்பு கிடைக்கும். மேடும் மலையும் குறைந்த நெல்வயல் சமவெளிக்கு இது பொருத்தமாக இருந்தது. தொலைபேசியில் பேசிக்கொண்டே நொடிக்கு 35 கிலோபிட் வேகத்தில் இணையத்தைப் பயன்படுத்தலாம்.

சேவைகள்

சாதி, வருமானம், பிறப்பு, இறப்புச் சான்றிதழ்களுக்கான விண்ணப்பங்களை மையத்திலிருந்தே வட்டாட்சியர் அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பும் வசதி செய்யப்பட்டது. பள்ளிச் சேர்க்கைக்கும் கல்வி உதவித்தொகைக்கும் இச்சான்றிதழ்கள் தேவை. இவற்றுக்காகப் பலமுறை அலைபவர் ஒவ்வொரு முறையும் பேருந்துக் கட்டணத்துடன் ஒரு நாள் கூலியையும் இழக்க நேரும். மேலும், கண்ணின் ஒளிப்படத்தை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி ஆலோசனை பெறவும் முடிந்தது. கணினிப் பயிற்சி, மின்னஞ்சல் போன்றவையும் வழங்கப்பட்டன.

பயன்பாட்டு எளிமை

அக்காலத்தில் தமிழ்க் கணிமையில் ஒருமித்த குறிமுறை இல்லை. தமிழ் இணையத்தளங்கள் பலவும் தத்தமக்கெனத் தனி எழுத்துருக்களைப் பயன்படுத்தின. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் உரை பொருளற்ற குறிகளாகத் தெரிந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டின் பயனாகத் தமிழ் 99 விசைப்பலகையும் டாப், டாம் குறிமுறைகளும் சீர்தரமாக்கப்பட்டன. தமிழ் 99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடப்புறமும் மெய்யெழுத்துகள் வலப்புறமும் அமைந்துள்ளதால் புதிதாகக் கற்பவருக்கு எளிது. எனினும் தட்டச்சுப் பொறியில் பழகியோர் பழைய அமைப்பையே தொடர்ந்தனர். யூனிகோடு குறிமுறையைத் தமிழ்நாடு அரசு 2010-இல் ஏற்றது.

இச்சூழலில், தமிழ் இடைமுகம் கொண்ட அலுவலக மென்பொருள் மையங்களுக்கு வழங்கப்பட்டது. ஆனால் மொழி மட்டுமே தடையாக இருக்கவில்லை. கணினியைத் தொட்டே அறியாத ஒருவருக்கு மையத்தை நடத்துபவரே உண்மையான இடைமுகமாக விளங்கினார். அவருடைய பயிற்சியும் அவர்மீது ஊரார் கொண்ட நம்பிக்கையும் பயன்பாட்டைத் தீர்மானித்தன.

பின்னடைவு

மைக்கேல் பெஸ்ட், இராஜேந்திர குமார் ஆகியோர் இத்திட்டத்தை ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டுள்ளனர். மையங்களுக்கு வந்தவர்களில் இளைஞர், ஆண்கள், மாணவர், ஓரளவு கல்வி பெற்றோர் ஆகியோரே மிகுதி என்று அவர்கள் கண்டறிந்தனர். ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்புகளுக்கு அருகில் அமைந்தபோது அம்மக்களின் வருகை கூடியது. எனவே, மையம் அமையும் இடமும் வடிவமைப்பின் ஒரு பகுதி எனக் கருதலாம்.

சான்றிதழ்ச் சேவை நீடிக்கவில்லை. ஆர்வம் காட்டிய அலுவலர்கள் இடமாற்றம் பெற்றதும், அலுவலக நடைமுறையில் வேரூன்றாத அச்சேவை தளர்ந்தது. கணினித்திரையில் விண்ணப்பம் எளிதாக இருந்தும், மறுமுனையில் அதைப் பெற்று முடிவெடுப்பவர் இல்லாவிடில் பயனில்லை என்பதை இது காட்டியது. வருவாய் குன்றியதால் மையங்கள் பல மூடப்பட்டன. பயிற்சி பெற்ற இயக்குநரைக் கொண்டிருந்த மையங்கள் ஒப்பீட்டளவில் நீண்ட காலம் இயங்கின.

தாக்கம்

அரவிந்த் கண் மருத்துவமனை பின்னர் தேனி பகுதியில் தன் பார்வை மையங்களை இணைக்க, பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களின் துணையுடன் நெடுந்தூர வைஃபை தொடர்பை ஏற்படுத்தியது. வைஃபை திறந்த சீர்தரம் என்பதால் பல நிறுவனங்களின் கருவிகளை மலிவாகப் பெற முடிந்தது. கண் பரிசோதனை என்னும் ஒரே பணி, பயிற்சி பெற்ற பணியாளர், மறுமுனையில் காத்திருக்கும் மருத்துவர் ஆகியவை இம்மையங்களின் சிறப்புகள். சான்றிதழ்ச் சேவையைப் பொறுத்தவரை, பிற்காலத்தில் தமிழ்நாடு முழுவதும் அமைந்த இ-சேவை மையங்கள் சாரி முயன்ற அதே பணியை அரசு நடைமுறையின் பகுதியாகவே செய்கின்றன.