கொல்லிமலைச் சாமைக்கு யார் விலை கொடுப்பது?

சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு ஆகிய தானியங்களைத் தலைமுறை தலைமுறையாக விதைத்து ஜீவனம் நடத்தி வந்த கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடிகள், அவற்றைக் குறைத்துக் குச்சிக்கிழங்குக்கு மாறியது அறியாமையின் விளைவு என்று சமவெளிவாசிகள் பேசக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம் உண்டாகிறது. அந்தக் குடியானவர்கள் கணக்குத் தெரிந்தவர்கள்; தெரிந்ததனாலேயே மாறினார்கள்.

இரண்டாம் உலக யுத்தத்தில் மலேயாப் பக்கமிருந்து ஜவ்வரிசி வருவது நின்றுபோக, 1943-ஆம் ஆண்டு வாக்கில் சேலத்தில் குச்சிக்கிழங்கு மாவிலிருந்து அதைச் செய்யும் தொழில் பிறந்தது. நாளடைவில் ராசிபுரம், ஆத்தூர் வட்டாரங்களிலும் ஆலைகள் பெருகி, 1981-இல் அவற்றின் சரக்கை விற்றுக்கொடுக்க சேகோசர்வ் என்னும் கூட்டுறவு ஸ்தாபனமும் ஏற்பட்டது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளோடு சாலை மலைக்கு வந்த பிறகு, கிழங்கை லாரியில் ஏற்றிவிட்டால் கையில் ரொக்கம். சாமையை விளைவித்தாலோ வீட்டுக்குச் சோறு மட்டுமே. அந்தச் சோற்றுக்கும் போட்டியாக ரேஷன் அரிசி, 2008-இல் கிலோ ஒரு ரூபாய்க்கும், 2011 முதல் விலையில்லாமலும் வந்தது. ஏழை வயிற்றுக்கு அது பெரும் தர்மம். அதைக் குறைகூற மனம் வராது. ஆயினும் அரிசிக்குச் சர்க்கார் கொடுக்கும் மானியம் சாமைக்கு எதிரான மானியமாகவும் வேலை செய்தது என்பதை மறைப்பதற்கில்லை.

இவற்றோடு உழைப்பின் கணக்கும் சேர்கிறது. சாமையின் உமி மணியோடு இறுக ஒட்டியிருப்பது. அதை வெயிலில் காயவைத்து, உரலிலிட்டு, உலக்கையால் குத்தி, முறத்தில் புடைத்து, உமி கழலாத மணிகளை மீண்டும் உரலுக்கே அனுப்பி, நொய்யையும் தவிட்டையும் பிரித்து, அதன் பிறகே ஒருத்தி உலை வைக்க முடியும். காட்டில் நாள் முழுதும் களையெடுத்துவிட்டு வந்தவள் இத்தனையையும் செய்யவேண்டியிருக்கையில், உமி நீங்கிய அரிசி கடையில் சும்மா கிடைக்குமானால், எந்தத் தானியத்தை அவள் தேர்ந்தெடுப்பாள்?

ஆனால் போனது ஓர் உணவு மாத்திரமல்ல. கட்டவெட்டிச் சாமை, திரிகுலாச் சாமை, மல்லியச் சாமை, வெள்ளப்பெருஞ்சாமை என்று சாமை ஒன்றிலேயே எத்தனை ரகங்கள்! இவற்றைத் தொம்பை என்னும் தானியக் குதிரில் காத்து ஆண்டுதோறும் விதைத்துவந்த கைகள், நாளை மழை தவறும் தேசங்களுக்கெல்லாம் வேண்டியிருக்கும் பீஜங்களைக் கூலியின்றிப் பாதுகாத்தன. கிழங்கைத் தோண்டியெடுத்த சரிவிலோ மண் பொலபொலத்துக் கிடக்க, பெருமழை அதைக் கீழே வாரிக்கொண்டு போகிறது. அந்த மண்ணின் விலை ஆலையின் கணக்கிலும் ஏறுவதில்லை, ஜவ்வரிசிப் பாயசம் அருந்தும் நம் கணக்கிலும் ஏறுவதில்லை. சுற்றுச்சூழலைக் காப்பதில் பொருளாதாரம் எங்கே நுழைகிறது என்று கேட்பவர்களுக்கு இதைக் காட்டுவேன்: லாபம் ஓரிடத்தில், நஷ்டம் வேறிடத்தில், இரண்டையும் இணைக்கும் விலை எங்குமில்லை.

1992-இல் ரியோவில் கையெழுத்தான பல்லுயிர் உடன்படிக்கையும், அதையொட்டி 2002-இல் நம் நாடு இயற்றிய சட்டமும், உயிர்வளத்தால் வரும் பயனில் அதைக் காத்தவர்களுக்குப் பங்கு உண்டு என்கின்றன. பயன் எடுத்தபின் பங்கு என்பது சரி. இந்த வருஷம் விதைப்பதற்கு யார் தருவது? பழைய ரகங்களைத் தொடர்ந்து பயிரிட எவ்வளவு ஈட்டுத்தொகை வேண்டும் என்று பொருளாதார அறிஞர்கள் கொல்லிமலை விவசாயிகளிடமே கேட்டுக் கணக்கிட்டு, 2013-இல் வெளியிட்டார்கள். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்தே அங்கு விதை வங்கிகளை அமைத்தும், உமி நீக்கும் இயந்திரங்களைக் கொண்டுவந்தும், மகளிர் குழுக்கள் தானியத்தைப் பக்குவப்படுத்தி விற்க வழிசெய்தும் உழைத்திருக்கிறது. என் அபிப்பிராயத்தில், உபதேசங்கள் அனைத்தையும்விட அந்த இயந்திரம் செய்த உபகாரம் பெரிது.

எனினும் ஒரு நிறுவனத்தின் முயற்சி மலை முழுமைக்கும் சந்தையாகிவிடாது. 2013-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் சிறுதானியத்தையும் ரேஷனில் வழங்க இடம் தருகிறது. ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிய 2023-இல், நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் ரேஷன் கடைகளில் கேழ்வரகு வழங்கத் தமிழக அரசு தொடங்கியது. அதையே சாமைக்கும் செய்ய கொல்லிமலையைவிடப் பொருத்தமான பிரதேசம் இல்லை. விளைந்ததை அங்கேயே கொள்முதல் செய்து அங்கேயே வழங்கலாம். கொள்முதல் விலையை நிர்ணயிக்கும்போது, விதைப்பு முதல் அறுப்பு வரையிலான செலவோடு நிற்காமல், உமி நீக்கும் பெண்ணின் கூலியையும் அதில் சேர்க்கவேண்டும்.