நாட்டுடைமையான நாவலும் நம் ஊரின் நினைவும்



கல்கியின் நாவல்கள் இன்று எங்கும் கிடைக்கின்றன. புத்தகக் கண்காட்சியில் மட்டுமல்ல, பேருந்து நிலையத்துக் கடைகளிலும் கிடைக்கின்றன. 2022, 2023ஆம் ஆண்டுகளில் ‘பொன்னியின் செல்வன்’ இரண்டு பாகத் திரைப்படமாக வந்தபோது பல பதிப்பகங்கள் அதை மீண்டும் அச்சிட்டன. அதோடு சேர்ந்து, நம் காஞ்சியைக் களமாகக் கொண்ட ‘சிவகாமியின் சபத’மும் புதிய அட்டைகளில் வருகிறது. இந்த மறுபதிப்புகள் எப்படிச் சாத்தியமாயின, இவை நம் ஊரைப் பற்றி நமக்கு என்ன சொல்லித் தருகின்றன, இவற்றை நாம் எப்படி வாசிப்பது என்பதுதான் இந்த உரையின் பொருள்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் வந்தபோது, ஆசிரியர் இறந்து 50 ஆண்டுகள் வரை அவருடைய வாரிசுகளுக்கு உரிமை உண்டு என்றது. 1992இல் அது 60 ஆண்டுகளானது. கல்கி 1954 டிசம்பரில் மறைந்தார். சட்டப்படி 2014 முடியும்வரை உரிமை இருந்திருக்க வேண்டும். ஆனால் அவர் நூற்றாண்டான 1999இல் தமிழக அரசு அவருடைய படைப்புகளை நாட்டுடைமையாக்கியது. நாட்டுடைமை என்றால் அரசு வாரிசுகளுக்கு ஒரு தொகை கொடுத்துவிட்டு, நூல்களைப் பொதுவில் விடுவது. அதன்பின் யாரும் யாரிடமும் அனுமதி கேட்காமல் அச்சிடலாம். பாரதியின் எழுத்துகளில் தொடங்கிய இந்த வழக்கம் தமிழுக்கு நல்லதே செய்திருக்கிறது. கூலி வாங்கி வாழும் வீட்டிலும் ஒரு தடித்த நாவல் இருக்க முடிகிறது என்றால் அதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் யாரும் அச்சிடலாம் என்னும்போது, எப்படி அச்சிட வேண்டும் என்று கேட்பதற்கு ஆளில்லாமல் போகிறது. ‘சிவகாமியின் சபதம்’ 1944 முதல் 1946 வரை ‘கல்கி’ வார இதழில் தொடராக வந்த கதை. நம் கைக்கு வந்த பல மலிவுப் பதிப்புகளில் இந்தத் தகவல்கூட இல்லை. எந்தப் பாத்திரம் வரலாற்றில் இருந்தது, எது ஆசிரியரின் கற்பனை என்று பிரித்துக் காட்டும் ஒரு பக்கமும் இல்லை. விளைவு, பள்ளி மாணவர்கள் இதை வரலாறாகவே படிக்கிறார்கள். மகேந்திரவர்மன், நரசிம்மவர்மன், புலிகேசி, பரஞ்சோதி ஆகியோர் வரலாற்றில் உண்டு. 642 வாக்கில் பல்லவப் படை வாதாபியைப் பிடித்ததும் உண்மை. ஆயனச் சிற்பியும் அவர் மகள் சிவகாமியும் கற்பனை. நாகநந்தி பிக்குவும் கற்பனை.

நாகநந்தியிடம் நாம் சற்று நிற்க வேண்டும். அவர் காவி அணிந்த பௌத்தத் துறவி. புலிகேசியின் சகோதரர், அவரைப் போன்ற தோற்றம் உடையவர், ஒற்றர், சூழ்ச்சிக்காரர், ஒரு பெண்மீது மோகம் கொண்டவர். நான்கு பாகங்களில் மூன்றாவதன் பெயரே ‘பிக்ஷுவின் காதல்’. நாவலாசிரியர் எந்த மதத்துக்காரரையும் வில்லனாக்கலாம், அதற்கு அவருக்கு உரிமை உண்டு. அந்த உரிமையை நாம் மறுக்கவில்லை. நம் கேள்வி வேறு. காஞ்சியின் பௌத்தம் பற்றி ஒரு சாதாரண வாசகருக்குக் கிடைக்கும் ஒரே சித்திரம் இதுவாக இருக்கும்போது என்ன நேர்கிறது?

வரலாறு வேறொரு காஞ்சியைச் சொல்கிறது. 640 வாக்கில், அதாவது நாவலின் கதை நடக்கும் அதே காலத்தில், காஞ்சியைப் பற்றி எழுதிய சீனப் பயணி யுவான் சுவாங், இங்கே சுமார் 100 சங்காராமங்களும் 10,000 பிக்குகளும் இருந்ததாகக் குறித்திருக்கிறார். நாளந்தாவின் தலைமை ஆசிரியராக இருந்த தர்மபாலர் பிறந்த ஊர் காஞ்சி என்றும் அவரே எழுதுகிறார். மணிமேகலை அறவண அடிகளிடம் அறம் கேட்டுத் தவநெறியில் நிற்பதும் காஞ்சியில்தான். காமாட்சியம்மன் கோயிலில் இருந்த ஆளுயரத்துக்கும் மேலான புத்தர் சிலையைப் பற்றி 1915இல் து.அ. கோபிநாத ராவ் கட்டுரை எழுதினார். அந்தச் சிலை இன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. மயிலை சீனி. வேங்கடசாமியின் ‘பௌத்தமும் தமிழும்’ 1940இல் வெளிவந்தது. நாவல் தொடங்குவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே இந்தச் செய்திகள் தமிழில் அச்சில் இருந்தன.

இன்னொன்றும் உண்டு. மகேந்திரவர்மன் எழுதிய ‘மத்தவிலாசப் பிரகசனம்’ காஞ்சித் தெருவில் நடக்கும் நையாண்டி நாடகம். அதில் ஒரு காபாலிகன் தன் கபாலத்தைத் திருடியதாக ஒரு பௌத்த பிக்குமீது பழி போடுகிறான். கடைசியில் கபாலத்தைக் கவ்விப் போனது ஒரு நாய் என்று தெரிகிறது. அந்த நாடகமும் பிக்குவைக் கேலி செய்கிறது. ஆனாலும் ஏழாம் நூற்றாண்டு மன்னனின் நாடகத்தில் பிக்குமீதான திருட்டுப்பழி பொய்யாகிறது. இருபதாம் நூற்றாண்டு நாவலில் அவர் குற்றவாளியாகவே நிற்கிறார்.

இது ஏதோ பழைய மதச்சண்டை, நமக்கென்ன என்று விட்டுவிட முடியாது. அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கியபோது சொன்னது, பறையர் எனப்பட்டோர் இந்த நாட்டின் பூர்வ பௌத்தர்கள் என்பதே. பௌத்தம் வீழ்த்தப்பட்டபோதுதான் அவர்கள் இழிவுக்குத் தள்ளப்பட்டனர் என்றார் அவர். ஆய்வாளர்கள் இதை ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் பிறப்பால் வந்த இழிவு என்ற கதைக்கு எதிராக, தோற்கடிக்கப்பட்ட ஒரு பண்பாடு என்ற கதையை ஒடுக்கப்பட்டவர் தாமே எழுதிய முயற்சி அது. 1956இல் அண்ணல் அம்பேத்கர் நாக்பூரில் எடுத்த முடிவுக்கு அரை நூற்றாண்டுக்கும் மேல் முந்தையது. அந்தக் கதையை ஏற்பதா மறுப்பதா என்று ஒரு சேரி இளைஞர் முடிவெடுக்க வேண்டுமானால், முதலில் அது அவர் கைக்குக் கிடைக்க வேண்டும்.

கிடைத்ததா? இங்கேதான் இரண்டு மறுபதிப்பு வரலாறுகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். அயோத்திதாசர் 1914இல் மறைந்தார். சட்டப்படி 1964 முடிந்ததுமே அவருடைய எழுத்து பொதுவுடைமை. யாரும் அச்சிட்டிருக்கலாம். அவர் மறைவுக்குப் பின் அந்த எழுத்தைச் சிறு நூல்களாக உயிரோடு வைத்திருந்ததில் கோலார் தங்கவயலின் சித்தார்த்தா புத்தகசாலைக்குப் பெரும் பங்குண்டு. சுரங்கத் தொழிலாளர்கள் வாழ்ந்த ஊர் அது. ஆனால் 1907இல் அவர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழ’னில் வந்த கட்டுரைகள் பெருந்தொகுப்பாக வந்தது 1999இல்தான். ஞான. அலாய்சியஸ் தேடித் தொகுக்க, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வெளியிட்டது. கல்கி நாட்டுடைமையான அதே ஆண்டு.

ஆகவே ஒரு நூல் மறுபதிப்பு காண்பதைச் சட்டம் மட்டும் தீர்மானிப்பதில்லை. கல்கிக்கு வார இதழ் இருந்தது, நூலக ஆணை இருந்தது, தலைமுறை தலைமுறையாக நூலைக் கையளித்த குடும்பங்கள் இருந்தன, பிறகு திரைப்படமும் வந்தது. அயோத்திதாசரின் இதழ்ப் பிரதிகளோ சில வீட்டுப் பெட்டிகளில் கிடந்தன. சமூகவியலில் பண்பாட்டு மூலதனம் என்று சொல்வது இதைத்தான். யாருடைய தாத்தாவிடம் அலமாரி இருந்ததோ அவருடைய நினைவே ஊரின் நினைவாகிறது.

நாவலின் முடிவையும் இதே கண்ணோடு பார்க்கலாம். சிவகாமி ஏகாம்பரநாதருக்கே தன்னை அர்ப்பணித்துத் தாலி கட்டிக்கொள்கிறாள். வாசகர்கள் கண்ணீர் விட்ட கட்டம். நாவல் முடிந்த மறு ஆண்டு, 1947இல், கோயிலுக்குப் பெண்களை நேர்ந்துவிடுவதைத் தடைசெய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. அதற்காக முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் பல ஆண்டுகள் போராடினார்கள். இராமாமிர்தம் அம்மையார் 1936இல் ‘தாசிகள் மோசவலை’ என்ற நாவலே எழுதினார். அந்த வழக்கத்துக்குள் பிறந்து வளர்ந்து வெளியே வந்த ஒரு பெண்ணின் நாவல் அது. அதைப் பேருந்து நிலையத்துக் கடையில் கேட்டுப் பாருங்கள்.

என்ன செய்யலாம்? கல்கியைப் படிக்காதீர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. தொடர்கதை எழுதும் திறத்தை அவரிடம் கற்கலாம், சொல்லோட்டத்தை ரசிக்கலாம். மறுபதிப்புகளிடம் மூன்று விஷயங்களைக் கேட்போம். முதலில் வெளிவந்த இதழும் ஆண்டும் வேண்டும். கற்பனையையும் வரலாற்றையும் பிரித்துக் காட்டும் குறிப்பு வேண்டும். எந்தப் பதிப்பை மூலமாகக் கொண்டார்கள் என்ற தகவல் வேண்டும். இது நடக்காத காரியமல்ல. 2000இல் ஆ.இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த ‘புதுமைப்பித்தன் கதைகள்’ கால வரிசையும் பாட வேறுபாடும் தந்து வழிகாட்டியிருக்கிறது.

நம் பங்குக்கு நாமும் செய்ய வேண்டியது உண்டு. காஞ்சியைச் சுற்றியுள்ள நெசவுக் கிராமங்களில் நம் பிள்ளைகள் படிக்கும் இரவுப் பாடசாலைகளிலும் அம்பேத்கர் மன்றங்களிலும் ‘சிவகாமியின் சபத’த்தை வாசிக்கும் நாளில் ‘பௌத்தமும் தமிழும்’ நூலையும் பக்கத்தில் வைப்போம். அயோத்திதாசரின் கட்டுரைகளில் பத்தைத் தேர்ந்து, கடினச் சொற்களுக்குப் பொருளோடு, சிறு வெளியீடாக அச்சிடுவோம். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. தங்கவயல் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து செய்த வேலை அது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒருநாள் எழும்பூர் போய், காமாட்சியம்மன் கோயிலில் இருந்த அந்தப் புத்தரையும் காட்டிவிட்டு வருவோம்.