நனைந்து காய்ந்த பலகை

வகுப்பறை அலமாரியின் அடித்தட்டு மழைச்சாரலில் உப்பிப்போயிருப்பதைப் பார்த்திருப்போம். காய்ந்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறோம். ஆகாது.

மரத்துகள் பலகை என்பது துகள்களில் பசை கலந்து, சூடேற்றி அழுத்திச் செய்வது. ஈரம் பட்டதும் துகள்கள் வீங்குகின்றன; அழுத்தத்தில் அடங்கியிருந்தவை விரிந்தும் விடுகின்றன. அப்போது அறுந்த பசைப் பிணைப்புகள் காய்ந்த பின் மீண்டும் சேர்வதில்லை. வீக்கம் முதலில் தெரிவது விளிம்பில். திருகாணிகள் பிடி இழப்பதும் பெரும்பாலும் அங்கேதான். இப்பலகைகளில் பரவலாகச் சேர்க்கும் யூரியா பார்மால்டிஹைடு பசையையும் ஈரம் மெல்லச் சிதைக்கும். பீனால் பார்மால்டிஹைடு பசையோ கொதிநீரையும் தாங்கும், ஐ.எஸ். 710 முத்திரை பெற்ற ஒட்டுப்பலகை இந்த வகை. (விலையும் அதற்கேற்ப இருக்கும்!) வெயில் மேற்பரப்பைத்தான் நரைக்கச் செய்கிறது. வலிமையைக் குலைப்பது மாறி மாறி நனைவதும் காய்வதுமே.

மரத்துகள் பலகைத் துண்டு ஒன்றின் எடையையும், வெர்னியர் அளவியால் அதன் தடிமனையும் மாணவர்கள் குறிக்கட்டும். ஒரு நாள் நீரில் ஊறவைத்து, நன்கு உலர்த்தி மீண்டும் அளந்தால், எடை ஏறக்குறைய பழையபடி வந்திருக்கும், தடிமன் வந்திருக்காது.

உப்பிய தட்டில் புத்தகங்களை அடுக்க வேண்டாம். சுவரில் மாட்டிய அலமாரி என்றால், பிள்ளைகள் அதன் கீழ் உட்காரும் முன் கழற்றிவிடுங்கள்.