மூச்சின் கணக்கு

கிருஷ்ணன்கோவிலிலிருந்து மேற்கே வத்திராயிருப்பு வழியாகச் சென்றால் தாணிப்பாறை என்னும் மலையடிவாரத்தை அடையலாம். ஆடி அமாவாசையையொட்டி அடியார் பல்லாயிரவர் அங்கிருந்து சதுரகிரி மலைக்கு ஏறுவர். சமவெளியில் மூச்சைப் பற்றிய நினைவே இன்றிப் பேசிக்கொண்டு நடந்தவர்கள், ஏற்றமான பாறைப் பாதையில் பேச்சை நிறுத்தி மூச்சு வாங்குவர். உடலில் அப்போது நிகழ்வது யாது?

ஓய்வாக இருக்கும் வயதுவந்தோர் நிமிடத்திற்கு ஏறத்தாழ 12 முதல் 16 முறை மூச்சு விடுகின்றனர். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அரை லிட்டர் காற்று உட்சென்று வெளிவருகிறது. இச்சீரை அமைப்பதில் தலைமையானது மூளைத்தண்டிலுள்ள முகுளம். அதன் ஆணைப்படி உதரவிதானமும் விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளும் இயங்குகின்றன. மலையேறத் தொடங்கியதும், உழைக்கும் தசைகளிலிருந்து வரும் நரம்புச் செய்திகள் முகுளத்தை முடுக்குகின்றன. அத்தசைகள் வெளியிடும் கார்பன் டைஆக்சைடு இரத்தத்தில் மிகுந்து அமிலத்தன்மையை உயர்த்தாதவாறு, மூச்சு ஆழமும் விரைவும் கொள்கிறது.

ஆக்சிஜன் குறைவதால்தான் மூச்சு முட்டுகிறது என்பது பலரது எண்ணம். ஆனால், ஹால்டேன், பிரீஸ்ட்லி என்னும் அறிஞர்கள் 1905இல் வெளியிட்ட ஆய்வு, இயல்பு நிலையில் மூச்சை நெறிப்படுத்துவது பெரிதும் கார்பன் டைஆக்சைடே எனக் காட்டியது. கழுத்துத் தமனிகளை ஒட்டியுள்ள உணர்விகள் ஆக்சிஜனையும் அளக்கின்றன; எனினும், அது வெகுவாகக் குறைந்த பின்னரே அவை வலுவாக எச்சரிக்கின்றன.

இவ்வுண்மையை அறியாமை உயிருக்கே கேடாகலாம். கோடைக்காலத்தில் ஊர்க் கிணறுகளில் இளைஞர்கள் மூச்சடக்கி மூழ்கிப் போட்டியிடுவதுண்டு. நெடுநேரம் மூழ்கும் பொருட்டுச் சிலர் முன்னதாகப் பலமுறை வேகமாக மூச்சை இழுத்து விடுவர். இதனால் இரத்தத்தில் ஆக்சிஜன் பெரிதும் கூடுவதில்லை. அது முன்னரே ஏறத்தாழ நிறைந்துள்ளது. கார்பன் டைஆக்சைடுதான் மிகுதியாக வெளியேறுகிறது. ஆகவே, மூச்சு விடத் தூண்டும் உணர்வு காலந்தாழ்ந்து வருகிறது. அது வருமுன்னரே ஆக்சிஜன் குறைந்து, மூழ்கியவர் நீருக்குள்ளேயே நினைவிழக்கக்கூடும். நீச்சலில் தேர்ந்தவரும் இதற்கு விலக்கல்லர்.

பேசுதற்கும் பாடுதற்கும் மூச்சை நம் விருப்பப்படி நீட்டவும் குறுக்கவும் இயலும். அவ்வுரிமைக்கு எல்லை வகுத்து நம்மைக் காப்பது மூச்சு முட்டும் உணர்வே. மூழ்குமுன் வேகமாக மூச்சு விட்டு அதனை அடக்காதிருத்தல் வேண்டும். தனியே மூழ்குதலும் கூடாது. மலையேற்றத்தில் மூச்சு வாங்கினால் நின்று இளைப்பாறுதல் வேண்டும். இளைப்பாறிய பின்னும் திணறல் தணியாவிடினும், நெஞ்சு வலித்தாலும், உடனே மருத்துவ உதவியை நாடுதல் வேண்டும்.