தாத்தாவின் அரக்குத் தட்டை லோரியில் ஏற்றிவிடாதீர்கள்!

லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டுத் தாமான் வீட்டுக்குப் போகும்போது எதை எடுத்துப் போவது, எதை விட்டுப் போவது? நம் தோட்டப்புறங்களில் எத்தனையோ குடும்பங்கள் இந்தக் கேள்வியைச் சந்தித்துவிட்டன. சாமி படம் போகும். தையல் மிஷின் போகும். தகரப் பெட்டியில் கிடக்கும் கிராமபோன் தட்டுகள் மட்டும் பழைய பேப்பர் லோரிக்குப் போய்விடுகின்றன.

பாலோ பக்கத்துத் தோட்டமொன்றில் அப்படியொரு பெட்டியைக் கண்டேன். "ஓடாத தட்டுங்க ஐயா, இத வச்சிக்கிட்டு என்ன செய்யிறது?" என்றான் பேரன்.

வாசலில் உட்கார்ந்திருந்த பாட்டிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஓடாதுன்னு யார்ரா சொன்னது? ஒங்க தாத்தா தீபாவளி முன்பணத்துல வாங்குனது. பொழுது சாஞ்சா லயமே நம்ம வாசல்லதான் கெடக்கும்!"

பெட்டியில் ஏழு தட்டுகள். ஒன்றுதான் விரிசல். எடுத்துத் துடைத்துப் பார்த்தோம்.

எப்படி அடையாளம் காண்பது?

கனமாக இருந்து, கீழே விழுந்தால் ஓடு போல உடைவது அரக்குத் தட்டு. நிமிடத்துக்கு 78 சுற்று. 10 அங்குலத் தட்டில் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடமே பாடும். லேசாக, சற்று வளைந்து கொடுப்பது 1948-க்குப் பின் பரவிய பிளாஸ்டிக் தட்டு.

வயதையும் ஓரளவு கணிக்கலாம். மிகப் பழைய தட்டுகளில் ஒரு பக்கம் மட்டுமே பாட்டு இருக்கும். அக்காலத்தில் பாடியவரே கடைசியில் தம் பெயரைச் சொல்லி முடிப்பதும் உண்டு. 1902-இல் கல்கத்தாவில் பாடிய கௌஹர் ஜான் அப்படித்தான் சொன்னார். தட்டு அச்சாகியது ஜெர்மனியில். அங்குள்ளவர்களுக்கு யார் பாடியது என்று தெரிய வேண்டுமே!

1908-இல் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை வந்தது. லேபிளில் 'டம்டம்' என்று இருந்தால் அது 1920-களின் இறுதிக்குப் பிந்தியது. தமிழ்ப் பேசும் படத்தின் பெயர் இருந்தால் 1931-க்கு முந்தியதாக இருக்க முடியாது. 'காளிதாஸ்' வந்தது அந்த வருஷத்தில்தான்.

நாய் மார்க் எல்லாருக்கும் தெரியும். 'ஓடியன்' தட்டுகளைச் சென்னையில் விற்றது சரஸ்வதி ஸ்டோர்ஸ், பிற்காலத்தில் ஏவி.எம். ஸ்டூடியோ கண்ட மெய்யப்பச் செட்டியார் அதன் பங்காளி. நம் நாட்டு மலாய்ப் பாட்டுக்கு 'சாப் கூச்சிங்' என்ற பூனை மார்க்கும் இருந்தது.

லேபிள் கிழிந்துவிட்டதா? கவலை வேண்டாம். லேபிளைச் சுற்றிய வழவழப்பான இடத்தில் ஓர் எண் பதிந்திருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். அதுதான் தட்டின் பிறப்புப் பத்திரம்.

கவனிக்க வேண்டியவை

ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவே கூடாது, அரக்கு கரைந்துவிடும். சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணி போதும், லேபிளில் ஈரம் படாமல். வெயிலில் வைத்தால் கோணிவிடும். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள்.

பழைய கிராமபோனில் போடுவதானால் பக்கத்துக்கு ஒரு புது ஊசி. பிளாஸ்டிக் தட்டை அதில் போட்டால் கீறிப் பாழாகிவிடும்.

விலை? பழசெல்லாம் பொன்னல்ல. அன்று அமோகமாக விற்ற பாட்டு, இன்றும் பழஞ்சாமான் சந்தைகளில் கிடைக்கும். அதிகம் விற்காத நாடகத் தட்டே அரிதாக இருக்கலாம். ஆகவே எண்ணைக் குறித்து, விவரம் தெரிந்த ஓரிருவரிடம் விசாரிக்காமல் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். சென்னையில் வி.ஏ.கே. ரங்கராவ் இத்தகைய தட்டுகளை ஆயிரக்கணக்கில் சேர்த்தார். அவரைப் போன்றோரால்தான் பல பழைய குரல்கள் பிழைத்தன.

ஆனால் ஒன்று. பாடியவர் பெயரை எந்தச் சேகரிப்பாளரும் சொல்லிவிடுவார். யார் வாங்கியது, எந்தத் தோட்டம், எந்த வருஷம், யார் யார் கூடிக் கேட்டார்கள் என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்தான் சொல்ல முடியும். அவரும் போய்விட்டால் எந்தச் சந்தையில் தேடுவது?

பாலோவில் அந்தப் பேரன் பள்ளி நோட்டை எடுத்து வந்தான். பாட்டி சொல்லச் சொல்ல எழுதினான். உறைக்குள் செருகி வைத்தான். விரிசல் விட்ட தட்டையும் பாட்டி விடவில்லை.

உங்கள் வீட்டுப் பெட்டியையும் இன்று மாலையே திறந்து பாருங்கள். பாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு!